நாலு நாள் இருமல்

“எத்தனை நாளா இருமல்?”

தலையை நிமிர்த்தாமலேயே கேட்டாள் வீணா. எதிரே பச்சைக் கோட்டு போட்ட துப்புரவுப் பெண் ஒருத்தி நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸிடம் போகிற வரிசைக்குத்தான் முதலில் நழுவப் பார்த்தாள். இந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள்.

“பேஷண்ட் மூஞ்சியப் பாத்துக் கேளும்மா. ரெண்டு மாசமா இதத்தானே சொல்லிட்டிருக்கேன்?” பக்கத்து மேஜையிலிருந்து நர்ஸ் உஷா அதட்டினார். “சோஷியல் ஒர்க் படிக்கிற பொண்ணு, சுவத்துகிட்ட பேசற மாதிரி பேசற!”

வீணா நிமிர்ந்தாள். உடனே மறுபடி படிவத்துக்குள் குனிந்துகொண்டாள்.

ஈஜிபுரா பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் அன்று தெருப் பெருக்குகிறவர்களுக்கு டி.பி. முகாம். காலை ஆறரைக்குத் துடைப்பம் பிடித்தவர்கள், பதினோரு மணிக்கு வியர்வையும் குப்பை வாடையுமாக வரிசையில் நின்றார்கள்.

வீணாவோடு பயிற்சிக்கு வந்த தேஜஸ் ஒரு வாரமாக இல்லை. அவன் அறையில் தங்கியிருந்தவனுக்கு டி.பி. என்று தெரிந்ததும், உன் ரிசல்ட் வரும்வரை போகாதே என்று கல்லூரியில் நிறுத்திவிட்டார்கள். நாள் குறைந்தால் சர்டிபிகேட் கிடையாது. அடுத்த வருஷம் முதலிலிருந்து. வீணாவுக்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

“பேரு?”

“ரத்தினம்மா.”

“வயசு?”

“நாப்பத்தஞ்சு இருக்கும்.”

நாற்பத்தெட்டு என்று எழுதினாள் வீணா. “இருமல் எத்தனை நாள்னு கேட்டேன்.”

“நாலு நாளு. பனி ஒத்துக்கல, அவ்ளோதான்.” சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. கோட்டின் கையை வாயில் அழுத்தி, இரண்டாக மடிந்து இருமினாள். பின்னால் நின்றவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள்.

“நாலு நாள் இருமலாக்கா இது? தெருவுல படுத்திருக்கற நாயே எழுந்து ஓடிரும்” என்றாள் வரிசையில் ஒருத்தி.

“உன் வாயில பினாயில ஊத்த. சும்மா நில்லு.”

இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் பரிசோதனைக்குச் சளி பிடித்துத் தர டப்பா கொடுக்க வேண்டும். டப்பா கொடுத்தால் பெயர் பதிவாகும், டி.பி. என்று வந்துவிட்டால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் பரிசோதிப்பார்கள்.

ரத்தினம்மா குரலைத் தாழ்த்தினாள். “நாலு நாளுன்னே எழுதும்மா. டி.பி.ன்னு தெரிஞ்சா மேஸ்திரி நாளைக்கே வேற ஆள வெச்சுக்குவான். உனக்கும் எதுக்குத் தொந்தரவு?”

நாலு நாள் இருமல் அடிவயிற்றைப் பிடித்து இழுக்காது. அது தெரியாத அளவுக்கு வீணா புதியவள் இல்லை. எடை முப்பத்தெட்டு கிலோ. கோட்டுக்குள் ஆளே இல்லாத மாதிரி தோள் தொங்கியது.

பேனா நின்றது. பிறகு 4 என்று எழுதியது.

“வீட்ல கூட யாரு இருக்கா?”

“யாருமில்ல. நான் ஒண்டிதான்.”

அந்தக் கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டாள். இரண்டு மாதத்தில் நூற்றுக்கணக்கான படிவம் நிரப்பிய கை, ஒரு பூஜ்ஜியத்தைக் கோணலாகப் போட்டது.

“ஆய்த்தா? முடிஞ்சுதா?” உஷா படிவத்தை வாங்கிப் பார்த்தார். “நாலு நாள்தானே, டப்பா வேணாம். இருமல் மருந்து வாங்கிட்டுப் போம்மா. நெக்ஸ்ட்!”

ரத்தினம்மா எழுந்து, எல்லோரையும் போலவே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடுக்கு வீணாவின் முகம் பற்றி எரிந்தது.

அடுத்தவள் வந்து உட்கார்ந்தாள். வீணா பெயர் கேட்டாள். சொன்னது காதில் ஏறவில்லை. மருந்து ஜன்னலருகே மறுபடி இருமல். ரத்தினம்மா சுவரில் சாய்ந்து, கோட்டின் கையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மடித்துக்கொண்டாள். மடிப்பதற்குள் வீணா பார்த்துவிட்டாள். ரத்தம்.

ஒன்பதே நாள். அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

எழுந்துபோய் உஷாவின் மேஜையிலிருந்த காகித அடுக்கிலிருந்து அந்தப் படிவத்தை உருவினாள். நாலை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘இரண்டு மாதம்’ என்று எழுதினாள்.

“ஏய், என்ன பண்ற? கவர்மென்ட் ரெக்கார்டு அது!”

“பொய் எழுதிட்டேன் சிஸ்டர். ரெண்டு மாசமா இருமறாங்க.”

ஜன்னலிலிருந்து ரத்தினம்மா ஓடிவந்தாள். “அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதும்மா! நான் சொன்னதத்தான் எழுதிச்சு. அது மேல எந்தத் தப்பும் இல்ல. அத ஒண்ணும் பண்ணிடாதீங்க!”

உஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு சளி டப்பாவை எடுத்து நீட்டினார். “அது சரி, ரெண்டு மாசம்னு உனக்கு எப்படித் தெரியும்?”

வீணா டப்பாவை வாங்கவில்லை. “ரெண்டு குடுங்க சிஸ்டர்.”

“ரெண்டா? இன்னொண்ணு யாருக்கு?”

“எனக்குத்தான். எங்கம்மாவும் நானும் ஒரே பாய்லதான் படுக்கறோம்.”