இரண்டு விரல் இடைவெளி

வாசற்கதவில் பொருத்திய விசிறி முழு வேகத்தில் சுற்றியும் கணக்கு இடித்தது.

எட்டு.

ஏழுக்குக் கீழே வந்தாக வேண்டும்.

ஜன்னல்களையெல்லாம் மூடியாகிவிட்டது என்றார் வீட்டுக்காரர் சர்ரெட்டம்மா. புகைபோக்கியை நானே அடைத்திருந்தேன். நிலவறைக் கதவைச் சுற்றி நாடா ஒட்டியிருந்தேன். ஆனாலும் எங்கிருந்தோ காற்று வந்துகொண்டே இருந்தது.

அரசு உதவித் திட்டத்துக்காக நான் செய்யும் சோதனை எளிமையானது. விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். உள்ளே காற்று குறைந்ததும், வெளிக்காற்று கிடைத்த சந்தில் எல்லாம் புகுந்து வரும். ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று மொத்தமும் எத்தனை முறை மாறுகிறது என்பதுதான் அந்த எண். எண் கூடினால் ஹீட் பம்புக்கு அரசு உதவி கிடையாது. வெளிக்குளிரிலும் மிச்சமிருக்கும் சூட்டைத் துளித்துளியாகச் சேர்த்து உள்ளே கொண்டுவருகிற கருவி அது. சேர்த்ததை ஓட்டை வழியே விட்டுவிட்டால் என்ன பயன்?

போன மாதமும் இதே எட்டுதான். இன்றும் தோற்றால் விண்ணப்பம் ரத்து.

கனடாவின் கடலோர நோவா ஸ்கோஷியாவில் டிசம்பர். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டியில் அடி தெரிந்தது. சமையலறையில் சர்ரெட்டம்மா கோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"உன் மிஷின்தான் கெட்டுப்போச்சு தம்பி. நம்ம ஊர்ல காத்து நுழையாத வீடுன்னா அது சவப்பெட்டி மட்டுந்தான்."

"மிஷின் பொய் சொல்லாது சர்ரெட்டம்மா. மனுஷங்கதான் சொல்லுவாங்க."

அவர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்.

புகைக்குச்சியைப் பற்றவைத்தேன். அதிலிருந்து நூல் போலப் புகை வரும். காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாக வளையும். அறை அறையாக நடந்தேன். மாடிப்படியில் புகை என் முகத்தின்மேல் சாய்ந்தது.

மாடியில் ஒரே ஒரு படுக்கையறை. போன மாதம், உள்ளே பூனை தூங்குகிறது என்று சொல்லி என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். வீட்டில் பூனையே கிடையாது.

திரைச்சீலை பாய்மரம் போல உப்பி நின்றது.

விலக்கினேன். ஜன்னல் இரண்டு விரல் அகலம் திறந்திருந்தது. இடைவெளியில் ஒரு கறுப்புக் கம்பி வெளியே போய், சட்டத்தில் கட்டிய ஆண்டெனாவில் முடிந்தது. மறுமுனை கட்டிலருகே, படகுகளில் வைக்கிற வயர்லெஸ் பெட்டியில்.

கீழே போய் விசிறியை நிறுத்தினேன். திரும்பி வந்தபோது அவரும் பின்னாலேயே படியேறி வந்துவிட்டார்.

"அதை எடுத்தாத்தான் குடுப்பேன்னா, உன் பம்பு எனக்கு வேணாம்."

என் கையிலிருந்த, படிவங்கள் செருகிய அட்டையைப் பிடுங்கி, விண்ணப்பத்திலிருந்து விலகும் தாளில் முழுப்பெயரையும் எழுதி நீட்டினார்.

லியோனா மே சர்ரெட்.

அதுவரை எனக்கு அந்தப் பெயர் தெரியாது. விண்ணப்பத்தில் வெறும் எல். சர்ரெட்தான். எண்ணெய் வண்டிக்காரருக்கும், பாதிரியாருக்கும், எனக்கும் அவர் சர்ரெட்டம்மா.

அவர் கணவர் சிங்கி இறால் பிடித்தவர். இந்தக் கரையில் படகுக்கு மனைவியின் பெயரைத்தான் வைப்பார்கள். நான்கு வருடம் முன்பு அவர் இறந்ததும் படகு கைமாறியது. வாங்கியவன் பெயரை மாற்றவில்லை. மாற்றினால் கடலில் ஆகாது.

பெட்டி கரகரத்தது. கடலில் வேறொரு படகுக்காரனின் குரல்.

"லியோனா மே, லியோனா மே... எங்க கெடக்க? உயிரோட இருக்கியா? ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்!"

சர்ரெட்டம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டார்.

அந்தத் தாளை நான் வாங்கவில்லை. துளைக்கருவியை எடுத்தேன்.

ஜன்னல் சட்டத்துக்குக் கீழே சுவரில், வெளிப்பக்கம் சற்றுச் சரியும்படி, பத்து மில்லிமீட்டரில் ஒரு துளை. சரிவு இருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. கம்பியின் முனையைக் கழற்றி, துளை வழியே விட்டு, மறுபடி மாட்டினேன். அந்த ஐந்து நிமிடமும் அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியைச் சுற்றி நுரைப்பசை அடித்தேன். ஜன்னலை இறக்கித் தாழிட்டேன்.

விசிறியைப் போட்டேன்.

ஆறே முக்கால்.