ஹ்ருஷ்கா தூக்காத கை

கவுண்டி போர்டு என்ற மாவட்ட நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். மனு பாஸாக மூன்று பேர் கை தூக்கினால் போதும்.

இரண்டு பேர் எப்போதும் தூக்குவார்கள். இரண்டு பேர் எப்போதும் தூக்க மாட்டார்கள். ஐந்தாவது கை, இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் டேல் ஹ்ருஷ்காவுடையது.

"அவரு நம்ம ஆளு. போன வருஷமும் தூக்கினாரே," என்றாள் ஓஃபேலியா.

"தூக்கலைன்னா?" என்றாள் பக்கத்தில் இருந்த தோழி ஜாய்ஸ்.

"தூக்கலைன்னா மாசக் கடைசியில வக்கீலை அனுப்பிட்டு ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான்."

ஊரின் கறித் தொழிற்சாலையில் வேலை செய்யும் குடியேறிகளுக்குச் சட்ட உதவி செய்ய ஓஃபேலியா நடத்தும் மையம் அது. கவுண்டி தரும் மானியத்தில்தான் ஓடுகிறது. போன வருஷம், "வெறும் எண்ணிக்கையை வெச்சு எப்படி நம்பறது? ஆதாரம் எங்கே?" என்று போர்டில் கேட்டுவிட்டார்கள். அதனால் இந்த முறை ஓஃபேலியா தனி ஆளாக உட்கார்ந்து, மூன்று வாரம் உழைத்து மனு தயாரித்திருந்தாள். எழுபது பக்கம்.

தலைவர் வழக்கமான விதியை வாசித்தார். "மனு பாஸானால் முழுக் கோப்பும் உடனே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். பாஸாகாவிட்டால் மனுதாரரிடமே திருப்பித் தரப்படும்."

யாரும் காது கொடுக்கவில்லை. எல்லாக் கூட்டத்திலும் வாசிப்பதுதான்.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். முதலில் எழுந்தவர் வெண்டெல் ஸ்ட்ரௌட். தொழிற்சாலை வாசலில் நின்று வண்டி எண்களைக் குறித்து, குடியேற்றத் துறைக்குப் போன் செய்கிற ஆள். அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"திருட்டுத்தனமா வந்தவனுக்கு வக்கீல், என் வரிப்பணத்துல! நல்லா இருக்கய்யா நியாயம். பாஸ் பண்ணுங்க, பண்ணுங்க. அந்தக் கோப்பை முதல் ஆளா நான்தான் பார்க்கப் போறேன்."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க!" என்றாள் ஜாய்ஸ். சிரிப்பு எழுந்தது. தலைவர் மேஜையைத் தட்டினார்.

ஐந்து பேருக்கும் ஒரு பக்கச் சுருக்கம் மட்டுமே கொடுத்திருந்தார்கள். ஹ்ருஷ்கா மட்டும் முழுக் கோப்பைக் கேட்டு வாங்கினார். மற்றவர்கள் பேசப் பேச, அவர் பாட்டுக்குப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கங்களில் அவர் கை நின்றது. நிமிர்ந்து ஸ்ட்ரௌடைப் பார்த்தார். பிறகு ஓஃபேலியாவை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஓட்டெடுப்பு. ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

இரண்டு கை எழுந்தது.

ஹ்ருஷ்கா இரண்டு கையையும் கோப்பின் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"டேல்?" என்றார் தலைவர்.

"எனக்குச் சம்மதமில்லை."

"காரணம் ஏதாவது பதிவு பண்ணணுமா?"

"வேண்டாம்."

"துரோகி!" ஜாய்ஸ் எழுந்தே விட்டாள். பின்வரிசையில் கைதட்டல். ஸ்ட்ரௌட் விசிலடித்தார்.

ஓஃபேலியா நடைவழியில் ஹ்ருஷ்காவை மறித்தாள்.

"எதுக்குப் பயந்தீங்க? நவம்பர் தேர்தலுக்கா? இல்லை, கடையில ஆணி வாங்க ஸ்ட்ரௌட் வரமாட்டாருன்னா?"

அவர் நடைவழியின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்ல உட்கார்ந்து ஆறு தமாலே சாப்பிட்டீங்களே டேல். அது எப்படிச் செரிச்சது உங்களுக்கு?"

"கிளார்க்கிட்ட போய் உன் கோப்பை வாங்கிக்கம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "இப்பவே."

"எதுக்கு? குப்பையில போடச் சொல்லுங்க."

"குப்பையில வேண்டாம். கையெழுத்துப் போட்டு, நீயே கையில வாங்கிக்க."

தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். யாரோ அவர் தோளில் வேண்டுமென்றே இடித்துவிட்டுப் போனார்கள்.

கவுண்டரில் கையெழுத்துப் போட்டு ஓஃபேலியா கோப்பை வாங்கினாள். கோப்பில் ஒரு பக்கம் மட்டும் மூலை மடிக்கப்பட்டிருந்தது. அங்கே திறந்தாள்.

ஆதாரம் என்று அவள் ஆசை ஆசையாகச் சேர்த்த பின்னிணைப்பு. உதவி பெற்ற இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பெயர், வீட்டு முகவரி, வேலை நேரம், பிள்ளைகள் படிக்கும் பள்ளி. ஒருத்தரையும் விட்டுவிடக் கூடாது என்று இரண்டு தடவை சரிபார்த்தது.

ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி: 'இந்தப் பக்கங்கள் இல்லாமல் அடுத்த கூட்டத்துக்கு மறுபடி எழுதிக் கொடு. அப்போது தூக்குகிறேன்.'

கோப்பைப் படக்கென்று மூடினாள்.

"அம்மணி, அந்தக் கோப்பு பார்க்கணுமே," என்று பின்னாலிருந்து கிளார்க்கிடம் கேட்டது ஸ்ட்ரௌட்.

"பாஸாகாதது எங்ககிட்ட இருக்காதுங்க. அவங்ககிட்டயே கொடுத்தாச்சு."

"அதுவும் நல்லதுதான். படிக்கிற வேலை மிச்சம்." ஸ்ட்ரௌட் ஓஃபேலியாவைப் பார்த்துச் சிரித்தார். "இப்பத்தான் வாசல்ல ஹ்ருஷ்காவுக்குக் கை கொடுத்துட்டு வரேன். இத்தனை வருஷமா அவரைத் தப்பா நினைச்சிருந்தேன். நல்ல மனுஷன்!"

ஓஃபேலியா கோப்பை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஆமா," என்றாள். "நானும் தப்பாத்தான் நினைச்சுட்டேன்."