லைன் வாடகை

ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து வந்ததும் எஸ்தர் தொலைபேசிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். வீட்டில் அது ஒன்றுதான் போன். சென்னையிலிருந்து மகன் வின்ஸ்டன் கூப்பிடுவான். இரண்டு முறை அடித்து நின்றுவிடும். அவன் சுகமாக இருக்கிறான் என்று அர்த்தம். வேலைக்குப் போன புதிதில், காசு மிச்சமாகும் என்று அவனே செய்த ஏற்பாடு. பதறி எடுத்துவிடக் கூடாதென்று எஸ்தர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

யாரும் பேசாத அந்தத் தொலைபேசிக்கு வாடகை மறுபடியும் ஏறியது. அவள் கணவர் தேவசகாயம் பில்லோடு தொலைபேசி அலுவலகத்துக்கே போய்விட்டார்.

"ஒரு வார்த்தை பேசல. எதுக்கும்மா ஏத்துதீங்க?"

"பேசுறதுக்கு இப்ப யாரு சார் தனியா காசு வாங்குறா?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "ரீசார்ஜ் பண்ணிட்டா செல்லுலேர்ந்து நாளெல்லாம் பேசலாம். அது வந்து எத்தனையோ வருசமாச்சு. இது லைனை வச்சிருக்கதுக்கு வாடகை. வேண்டாம்னா சரண்டர் பண்ணிடுங்க."

அவர் கட்டிவிட்டு வந்தார்.

அந்த ஞாயிறும் இரண்டு முறை அடித்து நின்றது. எஸ்தர் கைகளை வெளியே எடுத்தாள்.

"ஸ்தோத்திரம். பாவம் புள்ள, ஒரு பைசா வீணாக்க மாட்டான்." பிறகு கணவர் பக்கம் திரும்பி, "வாடகையை ஏன் ஏத்துனாங்களாம், கேட்டீங்களா?" என்றாள்.

தேவசகாயம் அடங்கிப்போன தொலைபேசியைப் பார்த்தார்.

"பேசுறதுக்கு இப்ப ரொம்பக் காசாம்" என்றார்.