ஒருவருக்கு ஒரு பெயர்

ஒரே ஆளைப் பல பெயரில் கூப்பிட்டால் யாரை என்று குழப்பம் வருகிறதென்று, ஒருவருக்கு ஒரே பெயர் என்ற சட்டம் வந்திருந்தது. நேரிலோ போனிலோ வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அழைப்பு அந்தப் பெயருக்கே திரும்பும். கூப்பிட்டவரின் குரலில் அந்தப் பெயராகவே காதில் விழும். கோபிசெட்டிபாளையம் அலுவலகத்தில் அப்படித் திருப்பிவிடும் வேலை பூங்கொடிக்கு.

அன்று காலை நல்லசாமி மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அம்மிணி, எங்கூட்டுக்காரி முப்பது வருசமா என்னைய 'ஏனுங்க'ன்னுதான் கூப்புடுவா. நான் கெணத்துல வுழுந்தன்னிக்குத்தான் ஒரே ஒருக்கா 'நல்லசாமி'ன்னு கத்துனா. இப்ப அவ எப்பக் கூப்பிட்டாலும் 'நல்லசாமி'ன்னே கேக்குது. என்னமோ ஏதோன்னு மூணு தடவை சோளக்காட்டுல இருந்து வூட்டுக்கு ஓடுனேன். கொத்தமல்லித்தழை வேணுமாமா!"

பூங்கொடி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவருடைய ஒரே பெயரை 'ஏனுங்க' என்று மாற்றிக் கொடுத்தாள். அவர் நிம்மதியாகக் கிளம்பினார்.

இரண்டே நாளில் அவர் மனைவி ருக்குமணி வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"பால்காரி, பேங்குக்காரி, உரக்கடைக்காரி, அத்தன பேரும் எங்கூட்டுக்காரர 'ஏனுங்க'ன்னு கூப்புடறாளுக கண்ணு. பழைய பேரையே போட்டுரு."

"என்ன பேருங்க அக்கா?" பூங்கொடி தெரியாதவள் மாதிரி கேட்டாள்.

ருக்குமணி அக்கம்பக்கம் பார்த்தார். முந்தானையால் பாதி வாயை மூடிக்கொண்டு, "நல்லசாமி" என்றார்.

"மறுபடியும் பதறிக்கிட்டு வூட்டுக்கு ஓடியாருவாருங்களே?"

"ஓடியாரட்டும் கண்ணு," என்றார் ருக்குமணி. "அது நல்லாத்தான் இருந்துச்சு."