துரத்தல் செலவு

“கடன் கட்ட வக்கில்லை, உல்லாசப் பயணம் கேக்குதோ அவனுக்கு?”

ஃபைனான்ஸ் மேனேஜர் மேஜையைத் தட்டியதில் டீ தளும்பியது. எதிரே நின்ற வசூல்காரர் பதறவில்லை. பல வருடமாக லீவு கேட்டுக் கேட்டு இந்த மேஜைத் தட்டலுக்குப் பழகிப்போனவர் அவர்.

விஷயம் இதுதான். வேன் டிரைவர் ஒருவர் இந்த ஃபைனான்ஸில் கடன் வாங்கித்தான் சொந்தமாக வேன் எடுத்திருந்தார். சவாரி சரியாக அமையாமல் மூன்று தவணை நின்றுபோனது. சனிக்கிழமை ஆபீஸ் மூடுவதற்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் வேன் பறிமுதல். அது போனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. இந்த நேரம் பார்த்து மனிதர் போனை அணைத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் கம்பி நீட்டிவிட்டார் என்று செய்தி கொண்டுவந்திருந்தார் வசூல்காரர்.

மேனேஜர் வெளியேதான் கோபப்பட்டார். உள்ளுக்குள் குஷி. பாக்கி சின்னது, வேன் பெரியது. அதை ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு எடுக்கத் தன் மைத்துனரைத் தயாராக வைத்திருந்தார்.

“போய் வேனோட வா. அவன் பணம் எனக்கு வேண்டாம், வேன்தான் வேணும்.”

“பஸ்ல போய் வேனை எப்படி சார் பிடிக்கிறது? தெரிஞ்ச வேன்காரர் ஒருத்தர் இருக்கார். வாடகைக்கு வருவார். மலைப்பாதைன்னா மட்டும் கொஞ்சம் கூடக் கேப்பார்.”

“ராத்திரி தங்கறதுக்கு?”

“வேன்லயே படுத்துக்கறோம் சார். ரூம் செலவு கிடையாது.”

மேனேஜர் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். ஆனாலும் ஏலம் கண்ணுக்குள் ஆடியதால் டீசலுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தார். வாடகையை, திரும்பி வந்த பிறகு தருவதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் போன் வந்தது. பின்னணியில் அலைச் சத்தம்.

“கண்ணு முன்னாடியே இருக்கான் சார். பிள்ளைங்களோட மணல்ல வீடு கட்டிட்டிருக்கான்.”

“வேனை எடுத்துட்டு வரவேண்டியதுதானே?”

“சாவி அவன் இடுப்புலயே இருக்கு சார். அசரட்டும்.”

அவன் அசரவில்லை. அடுத்த நாள் கடலை விட்டு மலைக்குக் கிளம்பிவிட்டான் என்றார் வசூல்காரர். மேனேஜருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மைத்துனர் வேறு வேளை கெட்ட வேளையில் போன் செய்து, “அத்தான், வேனுக்கு என்ன கலர் அடிக்கலாம்?” என்று உயிரை வாங்கினார்.

“இப்ப எவ்வளவு தூரத்துல இருக்கான்?” மேனேஜர் வசூல்காரரை அழைத்துக் கேட்டார்.

“ரொம்பக் கிட்ட சார். கையை நீட்டினா தொட்டுடலாம்.”

“அப்புறம் ஏன்யா பிடிக்கல?”

“வண்டி ஓடிட்டிருக்கே சார்.”

“அது சரி, யாரு அங்க பாடறது?”

“என் வீட்டுக்காரி சார். தனி ஆளா சுத்தினா சந்தேகம் வரும்னு குடும்பத்தையும் கூட்டிட்டு வந்தேன். அவங்க சாப்பாடு என் செலவு.”

கேஷியர் அம்மாவுக்கு மூக்கில் வியர்த்தது. “சார், இவர் ஆளைப் பிடிக்கப் போன மாதிரி தெரியலை. கம்பெனி டீசல்ல ஊர் சுத்திப் பாக்கிறார்.”

“சுத்தட்டும்மா. வேன் வந்து சேரட்டும், இவன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன்.”

சனிக்கிழமையும் வந்தது. ஆபீஸ் மூடக் கொஞ்ச நேரமே இருந்தபோது வசூல்காரர் வந்து நின்றார். வெயிலில் கறுத்திருந்தாலும் ஆள் நன்றாகத் தெளிந்திருந்தார்.

“கோட்டை விட்டுட்டேன் சார்.”

மேனேஜருக்கு வயிறு எரிந்தது. திட்டுவதற்கு அவர் வாயைத் திறக்கவும் கீழே தெருவில் ஹாரன் அலறவும் சரியாக இருந்தது. எதிர்க் கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து மாடியைப் பார்த்தார்கள்.

“வேன்காரர் சார். வாடகை கைக்கு வராம நகர மாட்டாராம்.”

“மானத்தை வாங்கறான்.” மேனேஜர் டிராயரைத் திறந்தார். மலைப்பாதைக்கான கூடுதலையும் சேர்த்து, ஒவ்வொரு நோட்டையும் பிரிய மனமில்லாமல் எண்ணிக் கொடுத்தார். “முதல்ல அந்த ஆளை அனுப்பு. உன்னைத் திங்கட்கிழமை கவனிச்சுக்கறேன்.”

வசூல்காரர் இறங்கிப் போனார். ஹாரன் நின்றது. கேஷியர் அம்மா அன்றைய கணக்கை முடிக்கப் பேனாவை எடுத்தபோது, மாடிப்படி ஏறிய வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார், தேடப்பட்ட டிரைவர். மூன்று தவணையையும் அபராதத்தையும் சேர்த்து கவுண்டரில் வைத்தார்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நேரம் இருந்தது. வாங்கித்தான் ஆகவேண்டும்.

“ஏதுய்யா இவ்வளவு பணம்?”

“உழைச்ச காசு சார்.” ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வணக்கம் வைத்துவிட்டுப் போனார் டிரைவர்.

மேனேஜர் ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டார். “பாத்தீங்களாம்மா, நாம துரத்தின துரத்துல பயந்து ஓடி வந்து கட்டிட்டான். செலவு வீண் போகலை.”

கை நழுவிப்போன வேனை ஒரு தடவை கண்ணாலாவது பார்ப்போம் என்று எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

தெருவில் ஒரே ஒரு வேன்தான் நின்றது. பின்னால் வசூல்காரரும் இரண்டு குடும்பங்களும் உட்கார்ந்திருக்க, இத்தனை நாளும் வாடகை பேசித் தன்னைத் தானே துரத்திவிட்டு வந்த டிரைவர் நிதானமாக வண்டியைக் கிளப்பினார்.