ஏழு பச்சைச் சீட்டு

குளியலறைக் கதவைத் தாழ் போடும் சத்தம் கேட்டதுதான் தாமதம், வக்கீலின் மனைவி அவருடைய கறுப்புப் பையைத் திறந்துவிட்டாள். ரெண்டு நாளாகவே மனுஷன் முழி சரியில்லை. இவள் அறைக்குள் வந்தால் எதையோ பைக்குள் தள்ளுகிறார், போன் வந்தால் மொட்டைமாடிக்கு ஓடுகிறார். நெருப்பில்லாமலா புகையும்?

போட்டோவோ கடிதமோ சிக்கும் என்று துழாவினாள். சிக்கியது அவளுடைய வேதப் புத்தகம்! அதைத்தான் அலமாரி, கட்டிலடி என்று வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள்.

இருபத்தாறு வருஷத்தில் ஒரு தரம்கூட அதைத் தொட்டவரில்லை. "உங்க கடவுள் ஒரு பக்கத்துல ஒண்ணு சொல்லுவார், அடுத்த பக்கத்துல மாத்திச் சொல்லுவார்" என்று சாப்பாட்டு மேஜையில் கிண்டலடிக்கிற ஆள். இப்போது அதற்குள் சிவப்பும் பச்சையுமாகச் சீட்டு ஒட்டியிருந்தார், சட்டப் புத்தகத்தில் ஒட்டுவதுபோல. கட்சிக்காரருக்குப் பாதகமான தீர்ப்புக்குச் சிவப்பு, சாதகமானதுக்குப் பச்சை. அது அவருடைய பழைய பழக்கம்.

சிவப்பு நாலு இருந்தது. கடவுள் மனுஷரைப்போல மனம் மாறுகிறவர் இல்லை என்று அங்கே சொல்லியிருந்தது. பச்சை ஏழு. ஒரு பச்சையில், அழிப்பேன் என்று சொன்ன ஊரைக் கடவுள் மனம் இளகி விட்டுவிட்டார். இன்னொன்றில், ஒரு ராஜா அழுததற்காகத் தான் சொன்ன சொல்லையே கடவுள் திருப்பிக்கொண்டார்.

அட பாவி மனுஷா! கடவுளையே கூண்டில் ஏற்றப் பார்க்கிறாரே! ஞாயிற்றுக்கிழமை சர்ச் போதகர் வீட்டுக்கு வருகிறார், அவரை மடக்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த வக்கீல், அவள் கையிலிருந்ததைப் பார்த்து அப்படியே நின்றார்.

"என்னங்க இது திருட்டுத்தனம்?"

"சும்மா... படிச்சேன்."

"யார் காதுல பூ சுத்துறீங்க? கடவுளுக்கு எதிரா கேஸ் நடத்துறீங்களே, யாருங்க உங்க கட்சிக்காரர்?"

அவர் புத்தகத்துக்குக் கை நீட்டினார்; அவள் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு ஸ்கேன் எடுத்து ஒரு வாரமாச்சு. அதைக் கேட்டு வாங்கிட்டு வர நேரமில்லை, இதுக்கு மட்டும் நேரம் இருக்கோ?"

"லேப்ல இன்னும் தரலைம்மா." துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"இந்த வயித்து வலியிலயும் நான் நடமாடுறது கடவுள் மேல இருக்கிற நம்பிக்கையிலதான். அதையும் பிடுங்கப் பார்த்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன், ஆமா!"

ஆத்திரத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பச்சைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தரையில் போட்டாள்.

"ஐயோ, அதைப் பிய்க்காதே!" எந்த நீதிபதியிடமும் அவர் அப்படிக் கெஞ்சியதில்லை. "வேணும்னா சிவப்பைப் பிய்ச்சுப் போடு."

"ஏன் பிய்க்கணும்? அதுதான் சத்தியம். இந்தப் பச்சைக்கெல்லாம் அர்த்தம் வேற. கடவுள் எழுதினா எழுதினதுதான். யார் அழுதாலும் மாத்த மாட்டார்!"

ஒரே ஒரு பச்சைச் சீட்டு மிச்சமிருந்தது. அதைப் பிய்க்கப் போன அவள் கையை வக்கீல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதேம்மா... உன் ரிப்போர்ட் வந்துடுச்சு."