மூன்று கல், இரண்டு வழி

"கல்லைப் புடுங்கினவன் நீதானே?" என்று வக்கீல் நாகராஜன் கேட்டபோது வீரபத்திரன் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, "இல்லீங்க" என்றான்.

ஏரிக்கரை ரோட்டின் முகப்பில் நட்டிருந்த மூன்று கற்களில் நடுக்கல் மல்லாந்து கிடந்தது. 'உபயம்: கோ. ராஜவேலு, ரைஸ் மில்' என்ற எழுத்துகளில் ஈர மண் அப்பியிருந்தது.

அந்தக் கல்லுக்காக ராஜவேலு பஞ்சாயத்து போர்டில் ஒரு வருஷம் சண்டை போட்டிருந்தார். கரையை அகலப்படுத்தி, திருப்பதி பஸ்ஸை அந்த வழியே விட வேண்டும் என்றது ஒரு கட்சி.

"ஏரிக்கரைல ஊரு காத்து வாங்கணும், பொகை வாங்கக் கூடாது" என்றார் ராஜவேலு. சர்க்கரை வியாதிக்கு டாக்டர் சைக்கிள் விடச் சொன்னதிலிருந்து, விடிந்ததும் அவரும் வக்கீலும் இன்னும் சிலரும் கரைமேல் போய் வருவார்கள். கடைசியில் அவர் பக்கம்தான் ஜெயித்தது. லாரியும் வண்டியும் நுழையாதபடி, சைக்கிள் மட்டும் நுழைகிற இடைவெளி விட்டு, இடுப்பு உயரக் கல் நட்டார்கள்.

சைக்கிள் நுழைந்தது. வீரபத்திரனின் மூட்டை நுழையவில்லை.

அவன் அம்மையார்குப்பத்து நெசவாளி. நெய்த வேட்டிகளைக் கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும்படி மூட்டை கட்டி, இந்தக் கரை வழியாகத்தான் கடைக்குக் கொண்டுவருவான். கடைத்தெரு வழியே போனால் லாரிப் புழுதியில் வெள்ளை வேட்டி காவியாகிவிடும். கல் நட்டதிலிருந்து, மூட்டையை அவிழ்த்துத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, சைக்கிளை நுழைத்து, திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. பின்னால் ராஜவேலு மணியடித்துக்கொண்டு நிற்பார்.

நேற்று மூட்டை கை நழுவிச் சேற்றில் விழுந்தது.

"பாத்து எறக்கக் கூடாதாப்பா?" என்றார் ராஜவேலு.

"கல்லைப் பாத்து நட்டிருக்கலாங்க."

"இது சைக்கிளுக்கு வழி. மூட்டைக்கு இல்ல."

"மூட்டை இல்லாம சைக்கிள் விட்டுகினு இருந்தா எங்க ஊட்ல சோறு ஏதுங்க?"

வக்கீல் உட்பட நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜவேலு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

விடிந்து பார்த்தால் கல் சாய்ந்து கிடக்கிறது.

"நேத்து வாய் பேசிச்சு, ராத்திரி கை பேசியிருக்கு" என்றார் வக்கீல். "அதுவும் பேரு போட்ட கல்லாப் பாத்து. என்னா கொழுப்பு பாரு. கஜபதி, நீ போய் ஸ்டேஷன்ல சொல்லிட்டு வா."

சக சவாரிக்காரரான கஜபதி பெடலில் கால் வைத்தபோது ராஜவேலு வந்து சேர்ந்தார். இன்று நடந்தே வந்திருந்தார்.

"விடுப்பா. ஒரு கல்லுதானே. மீதி ரெண்டு இருக்குது, லாரி நுழையாது."

"உங்க பேருங்க அது" என்றார் கஜபதி.

"பேரு எங்க போவப் போவுது. அவனை விட்டுடு."

வீரபத்திரன் சைக்கிளை விட்டு இறங்கி, ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தான்.

"தப்பு பண்ணவனைத்தாங்க விட்டுடுன்னு சொல்லுவாங்க. நான் பண்ணல."

"மன்னிச்சாலும் தொரை ஏத்துக்க மாட்டாராம்" என்று கஜபதி சிரித்தார்.

"எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுங்க. கல்லு புடுங்கினவன் பொண்ணுன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது. சூடம் கொளுத்துங்க. அணைச்சு சத்தியம் பண்றேன்."

"மலையைப் பாத்துப் பண்ணுவியா?" என்றார் வக்கீல்.

"ஆங். மலையைப் பாத்துதான்."

பெட்டிக்கடையில் சூடம் வாங்கிவந்து ஒரு செங்கல்மேல் வைத்துக் கொளுத்தினார்கள். வீரபத்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு, முருகன் கோயில் மலைக்கு நேராக நிமிர்ந்து நின்றான். "முருகா, அந்தக் கல்லை நான் தொடல" என்று சொல்லி, உள்ளங்கையால் ஒரே அடியில் சுடரை அணைத்தான்.

அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு சாட்சி கிடையாது.

"இப்ப நான் கேக்கறேன்" என்றான் வீரபத்திரன். "தெனம் இந்த வழியாப் போறவங்க எல்லாரும் அணைக்கட்டும்."

"எங்களையேவா?" வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் வேறு சூடம் ஏற்றச் சொல்லி அவரே முதலில் அணைத்தார். பிறகு கஜபதி. பிறகு மற்றவர்கள்.

ராஜவேலு மட்டும் மிச்சம்.

"அவருக்கு எதுக்கு? அவரு பேரை அவரே சாய்ச்சிக்குவாரா?" என்றார் வக்கீல்.

வீரபத்திரனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "நீங்க வேணாங்க" என்றான்.

"உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? ஏத்துங்கப்பா."

ராஜவேலு முன்னால் வந்தார். செருப்பைக் கழற்றினார். அவரும் நிமிர்ந்துதான் நின்றார். மலையைப் பார்த்தார். எரிகிற சூடத்தின் மேல் கையை நீட்டினார்.

கை இறங்கவில்லை.

மெல்லத் திருப்பி, வீரபத்திரனுக்கு நேராக அதை விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்; கடப்பாரை பிடித்துப் பழகாத கை.